கமடோர் 64-இல் பேசிக் மொழி கற்பது: எதை முதலில், எதை அப்புறம்

கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியின் பேசிக் வி2 சின்ன நிரல் மொழி. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது மொழியில் அல்ல. எழுதியது டிஸ்கில் ஏறாமல் போகிறது, கர்சர் நகராமல் வினோதக் குறிகள் விழுகின்றன, பழைய புரோகிராமும் புதியதும் கலந்துவிடுகின்றன. அதில் சலித்துப் போய் நிறைய பேர் மொழிப் பக்கமே வராமல் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இந்த வழிகாட்டியில் கீபோர்டு, டிஸ்க், திரை மூன்றும் முன்னால் வருகின்றன, மொழி அதற்குப் பின்னால். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

1. தொடங்குமுன் தேவையானவை

வைஸ் எமுலேட்டர் போதும், அதாவது பழைய இயந்திரத்தை இன்றைய கணினிக்குள் அப்படியே நடத்திக்காட்டும் நிரல். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் தொகுப்பில் பல கமடோர் இயந்திரங்களுக்குத் தனித்தனி நிரல்கள் இருக்கும். கமடோர் 64-க்கு எக்ஸ்64எஸ்சி என்பதைத் திறங்கள். நீலத் திரையில் 38911 பைட் காலி என்ற வரியும், அதன் கீழே ரெடி என்ற சொல்லும் வந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

அசல் இயந்திரம் கையில் இருந்தால், இயக்குவதற்கு முன் பவர் சப்ளையைச் சோதியுங்கள். பழைய சப்ளை கெடும்போது 5 வோல்ட் தடம் மேலேறி மெமரி சில்லுகளை எரித்துவிடும். புதிதாகத் தயாரித்த மாற்று சப்ளை ஒன்று வாங்கிக்கொள்வதே நல்லது. ஆனாலும் முதல் சில வாரங்களை எமுலேட்டரில் கழிக்கச் சொல்வேன். எதைத் தட்டினாலும் அங்கே எதுவும் உடையாது.

ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். எந்த வரி எண்ணிலிருந்து எந்த வேலை தொடங்குகிறது, எந்த வேரியபிள் (மதிப்பை வைத்திருக்கும் பெயர்) எதற்கு என்று எழுதி வைக்க வேண்டியிருக்கும். பேசிக் வி2 இதையெல்லாம் உங்களுக்காக நினைவில் வைத்துக்கொள்ளாது.

2. கீபோர்டு

வைஸ் அமைப்பில் கீபோர்டுக்கு இரண்டு முறைகள் உண்டு. குறி முறையில் உங்கள் கீபோர்டில் எந்தக் குறி அச்சிட்டிருக்கிறதோ அதுவே திரையில் வரும். இட முறையில் கமடோரின் கீ எங்கே இருந்ததோ அந்த இடத்தில் உள்ள கீயைத் தட்ட வேண்டும். அங்கே மேற்கோள் குறி ஷிஃப்ட் 2-இல் இருக்கும். தொடக்கத்தில் குறி முறையே போதும்.

கேப்ஸ் லாக்கை அணைத்து வையுங்கள். திரையில் பெரிய எழுத்து தெரிவதால் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு தட்டுபவர்கள் பலர். இந்த இயந்திரம் தொடங்கும்போது ஷிஃப்ட் இல்லாமல் தட்டினால்தான் பெரிய எழுத்து வரும். ஷிஃப்டோடு தட்டினால் படக்குறிகள் வரும், கட்டளை என்று எதையும் அது புரிந்துகொள்ளாது.

இரண்டு கீகள் எங்கே என்பதை இப்போதே பார்த்து வையுங்கள். ரன்-ஸ்டாப் கீ வைஸில் எஸ்கேப் கீயாக இருக்கும். ரீஸ்டோர் கீ பேஜ் அப்பாக இருக்கும். ஓடும் புரோகிராமை நிறுத்த ரன்-ஸ்டாப். திரை குழம்பிப் போனால் இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். நிறம், திரை எல்லாம் பழையபடி ஆகும், புரோகிராமும் மெமரியில் அப்படியே இருக்கும். கடைசிப் படிகளில் இது அடிக்கடி தேவைப்படும்.

3. ஒரு வரி எழுதும் முன்பே டிஸ்க்

வைஸ் மெனுவில் புதிய டி64 டிஸ்க் இமேஜ் (டிஸ்குக்குப் பதிலாக நிற்கும் ஃபைல்) ஒன்றை உருவாக்கி, 8-ஆம் எண் டிரைவில் மாட்டுங்கள். பிறகு இதைத் தட்டுங்கள்:

லோட் "$",8

அது முடிந்ததும் லிஸ்ட் என்று தட்டினால் டிஸ்கின் பட்டியல் வரும். கடைசி வரியில் 664 பிளாக் காலி என்று இருக்க வேண்டும்.

இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. அந்தப் பட்டியலும் ஒரு புரோகிராம் போலத்தான் மெமரியில் ஏறுகிறது. முன்பு மெமரியில் இருந்தது போய்விடும். டிஸ்கில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போய், அதுவரை எழுதியதை இழந்தவர்கள் ஏராளம். பட்டியல் பார்க்கும் முன் சேவ் செய்வது பழக்கமாக வேண்டும்.

சேவ் செய்யும்போது பெயருக்குப் பின் 8 கட்டாயம்:

சேவ் "விளையாட்டு01",8

பெயர் ஆங்கில எழுத்தில் 16-ஐத் தாண்டக் கூடாது. 8 விடுபட்டால் இயந்திரம் டேப்பைத் தேடும், ரெக்கார்டு பட்டனையும் பிளே பட்டனையும் அழுத்தச் சொல்லிக் காத்திருக்கும். பதறாமல் ரன்-ஸ்டாப் அழுத்தி வெளியே வந்து மறுபடி தட்டுங்கள்.

இதைவிட மோசமான பொறி அடுத்தது. டிஸ்கில் ஏற்கெனவே உள்ள பெயரில் சேவ் செய்தால் டிரைவ் அதை மறுத்துவிடும். ஆனால் திரையில் பிழைச்செய்தி எதுவும் வராது. வழக்கம்போல ரெடி என்று மட்டும் வரும், டிரைவின் விளக்கு மினுக்கும். விளக்கைக் கவனிக்காதவர் சேவ் ஆகிவிட்டது என்று நம்பி மூடிவிடுவார். பெயருக்கு முன் @0: போட்டு மேலெழுதும் வழி உண்டு, ஆனால் கமடோரின் 1541 டிஸ்க் டிரைவில் அதற்குப் பேர்போன கோளாறு இருந்தது. பக்கமே போகாதீர்கள். பெயரின் கடைசியில் 01, 02, 03 என்று எண் போட்டு, ஒவ்வொரு முறையும் புதுப்பெயரில் சேவ் செய்யுங்கள். சேவ் ஆனதும் அதே பெயரையும் 8-ஐயும் கொடுத்து வெரிஃபை கட்டளையைத் தட்டினால், டிஸ்கில் உள்ளதும் மெமரியில் உள்ளதும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுச் சொல்லும்.

விளக்கு மினுக்கினால் காரணத்தை டிரைவிடமே கேட்கலாம். அதற்கான கட்டளை நேரடியாகத் தட்டினால் வேலை செய்யாது, புரோகிராமுக்குள்தான் ஓடும். எனவே இந்த நான்கு வரிகளை எப்போதும் புரோகிராமின் வாலில் வைத்திருங்கள்:

60000 ஓப்பன் 15,8,15
60010 இன்புட்#15,ஏ,பி$,சி,டி
60020 பிரிண்ட் ஏ,பி$
60030 குளோஸ் 15

ரன் 60000 என்று தட்டினால் இவை மட்டும் ஓடும். 0 வந்தால் எல்லாம் சரி. 63 வந்தால் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. 62 என்றால் அந்தப் பெயரில் ஃபைல் இல்லை. 26 என்றால் டிஸ்க் எழுதமுடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறது.

எமுலேட்டரில் ஸ்னாப்ஷாட் எடுக்கும் வசதியும் உண்டு, இயந்திரத்தின் அந்த நேர நிலையை அப்படியே சேமித்துவிடும். நல்ல வசதிதான். ஆனால் அதையே நம்பியிருந்தால் டிஸ்க் பழக்கம் வரவே வராது. சேவ் செய்த பிறகு கூடுதல் பாதுகாப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

4. திரையே எடிட்டர்

இங்கே தனி எடிட்டர் கிடையாது. திரையில் எங்கே கர்சரை வைத்து ரிட்டர்ன் (உங்கள் கீபோர்டில் என்டர்) அழுத்துகிறீர்களோ, அந்த வரி முழுவதையும் இயந்திரம் படித்துக்கொள்ளும். லிஸ்ட் செய்து, தவறான வரிக்குக் கர்சரைக் கொண்டுபோய், எழுத்தை மாற்றி, அங்கேயே ரிட்டர்ன் அழுத்தினால் திருத்தம் முடிந்தது. ரிட்டர்ன் அழுத்தாமல் கர்சரைக் கீழே நகர்த்தினால் திருத்தம் திரையில் மட்டும் இருக்கும், மெமரியில் ஏறாது. "மாத்திட்டேனே, ஏன் பழைய மாதிரியே ஓடுது?" என்று கேட்பவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் காரணம்.

ரெடி என்ற சொல்லின் மேலேயே ரிட்டர்ன் அழுத்தினால் டேட்டா தீர்ந்துவிட்டது என்று ஒரு பிழை வரும். பயப்பட வேண்டாம். அந்தச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகள் ரீட் என்ற கட்டளை, மீதியை வேரியபிள் என்று எடுத்துக்கொண்டு டேட்டா தேடுகிறது. திரையில் உள்ள எதையும் இயந்திரம் கட்டளையாகவே படிக்கும் என்பது இதிலிருந்து தெளிவாகும்.

மேற்கோள் குறியைத் தட்டிய பிறகு கர்சர் கீகள் நகர்த்தாது, அதற்குப் பதிலாகத் தலைகீழ் நிறத்தில் வினோதக் குறிகளைப் போடும். இது கோளாறு அல்ல. திரையை அழிப்பது, நிறம் மாற்றுவது போன்றவற்றை மேற்கோளுக்குள்ளேயே எழுதி வைக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. மேற்கோளை மூடினால் பழைய நிலைக்கு வரும். வரியே வேண்டாம் என்றால் ஷிஃப்டோடு ரிட்டர்ன் அழுத்துங்கள். வரியை மெமரியில் ஏற்றாமல் கர்சர் கீழே போகும்.

ஒரு வரிக்கு 80 எழுத்து எல்லை, அதாவது திரையில் இரண்டு வரி. பிரிண்ட் என்பதற்குக் கேள்விக்குறி போதும், மற்ற பல கட்டளைகளுக்கும் குறுக்கம் உண்டு. குறுக்கி நெருக்கி எழுதிய வரியை லிஸ்ட் செய்தால் அது விரிந்து 80-ஐத் தாண்டிவிடும், அப்புறம் திரையில் திருத்தினால் வால் அறுந்துவிடும். கற்கும் காலத்தில் ஒரு வரிக்கு ஒரு கட்டளை எழுதுங்கள். இன்னொன்று: பிரிண்ட்# என்பதற்குக் கேள்விக்குறியும் # குறியும் சேர்த்துத் தட்டினால் லிஸ்டில் சரியாகவே தெரியும், ஓட்டினால் சின்டாக்ஸ் எரர் வரும். உள்ளே அது வேறு கட்டளை. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பிழை என்பதால் சொல்லி வைக்கிறேன்.

5. வரி எண் இல்லாமல், வரி எண்ணோடு

எண் இல்லாமல் தட்டினால் உடனே நடக்கும். எண்ணோடு தட்டினால் மெமரியில் காத்திருக்கும். ரன் சொன்னதும் எண் வரிசைப்படி ஓடும். எண்ணை மட்டும் தட்டி ரிட்டர்ன் அழுத்தினால் அந்த வரி அழிந்துவிடும்.

எண்களைப் பத்துப் பத்தாக விடுங்கள். இடையில் வரி செருக வேண்டியிருக்கும், எண்களைத் தானாக மாற்றி அமைக்கும் கட்டளை வி2-இல் கிடையாது.

புதிய புரோகிராம் தொடங்கும் முன் பழையதைச் சேவ் செய்துவிட்டு நியூ தட்டுங்கள். தட்டாவிட்டால் பழைய வரிகளுக்கு இடையில் புதிய வரிகள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

6. வேரியபிள் பெயர்கள்

பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் முதல் இரண்டு எழுத்து மட்டுமே கணக்கு. கவுன்ட் என்றும் கோட் என்றும் இரண்டு வேரியபிள் வைத்தால், ஆங்கிலத்தில் இரண்டும் சி, ஓ என்று தொடங்குவதால் இயந்திரத்துக்கு அவை ஒன்றே. ஒன்றில் எழுதினால் மற்றதும் மாறும், பிழைச்செய்தி வராது.

பெயருக்குள் கட்டளை ஒளிந்திருந்தால் அதுவும் சிக்கல். ஸ்கோர் என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவில் ஓ, ஆர் சேர்ந்து வருகின்றன, அது ஒரு கட்டளைச் சொல். டோட்டல் என்பதன் முதல் இரண்டு எழுத்தும் அப்படியே. காஸ்ட் என்பதன் முதல் மூன்று எழுத்து கொசைன் காணும் சார்பு. இவற்றை வேரியபிளாக வைத்தால் சின்டாக்ஸ் எரர்தான். விளையாட்டு எழுத வருகிறவர்கள் முதலில் வைக்கும் பெயரே ஸ்கோர் என்பதால் முதல் நாளே மாட்டிக்கொள்கிறார்கள். ஓரெழுத்து, ஈரெழுத்துப் பெயர்களோடு நின்றுவிடுங்கள், பொருளை நோட்டில் எழுதுங்கள். டிஐ, எஸ்டி இரண்டும் இயந்திரத்தின் சொந்தப் பெயர்கள், தொடாதீர்கள்.

பெயருக்குப் பின் % போட்டால் முழு எண். மற்ற மொழிகளில் பழகியவர்கள் வேகத்துக்காக இதை எல்லா இடத்திலும் போடுவார்கள். இங்கே அது தாமதம்தான், ஏனென்றால் கணக்குப் போடும்போது ஒவ்வொன்றையும் தசம எண்ணாக மாற்றித்தான் போடுகிறது. பெரிய அடுக்குகளில் (ஒரே பெயரில் எண்ணிட்ட பல மதிப்புகள்) இடம் மிச்சமாகும், அதோடு சரி.

7. முதல் உருப்படியான புரோகிராம்

100 எக்ஸ்=ஆர்என்டி(-டிஐ)
110 என்=இன்ட்(ஆர்என்டி(1)*100)+1
120 இன்புட் ஜி
130 இஃப் ஜி=என் தென் 170
140 இஃப் ஜி<என் தென் பிரிண்ட் "சிறியது"
150 இஃப் ஜி>என் தென் பிரிண்ட் "பெரியது"
160 கோட்டூ 120
170 பிரிண்ட் "சரி"
180 எண்ட்

1 முதல் 100 வரை ஓர் எண்ணை இயந்திரம் நினைத்துக்கொள்ளும், நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். எக்ஸ், என், ஜி மூன்றும் ஆங்கில ஓரெழுத்து வேரியபிள்கள். முதல் வரியை நீக்கிவிட்டு, எமுலேட்டரை மூடித் திறந்து ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே எண்கள் அதே வரிசையில் வரும். டிஐ என்பது இயந்திரத்தின் கடிகாரம், நொடிக்கு 60 முறை கூடும். அதன் எதிர்மதிப்பைக் கொடுத்தால் தொடக்கம் மாறுகிறது.

ஓடியதும் வேண்டுமென்றே தப்பாகப் பதில் கொடுங்கள். எண்ணுக்குப் பதில் எழுத்து கொடுத்தால் மறுபடி கேட்கும். நடுவில் காற்புள்ளி வைத்தால் மீதியை விட்டுவிட்டதாகச் சொல்லும். வெறும் ரிட்டர்ன் அழுத்தினால் ஜி-யில் பழைய மதிப்பே நிற்கும். இந்தக் கடைசியைப் பலர் கவனிப்பதில்லை. இன்புட் வரிக்கு முன் ஜி=0 என்று ஒரு வரி சேர்ப்பது அதற்காகத்தான், 160-இல் உள்ள கோட்டூவும் அந்தப் புதிய வரிக்கே போக வேண்டும்.

எல்ஸ் (இல்லாவிட்டால்) கட்டளை இங்கே இல்லை. தென்னுக்குப் பின் முக்காற்புள்ளி போட்டு அதே வரியில் இன்னொரு கட்டளை எழுதினால், நிபந்தனை பொய்யாகும்போது அந்தக் கட்டளையும் சேர்ந்தே தாண்டப்படும். எப்போதும் ஓட வேண்டியதை அடுத்த வரி எண்ணில் எழுதுங்கள்.

8. லூப், துணைப்பகுதி, அடுக்கு

ஃபார் முதல் நெக்ஸ்ட் வரை உள்ள வரிகள் திரும்பத் திரும்ப ஓடுவதே லூப். அதன் உடல் குறைந்தது ஒரு முறையாவது ஓடும். 5-இலிருந்து 1 வரை என்று தப்பாகக் கொடுத்தாலும் முதல் சுற்று நடந்துவிடும், ஏனென்றால் சரிபார்ப்பு நெக்ஸ்ட் வரியில்தான் இருக்கிறது.

துணைப்பகுதிக்கு கோசப் வழியாகப் போனால் ரிட்டர்ன் கட்டளையால்தான் திரும்ப வேண்டும். கோட்டூ போட்டுத் தாவி வந்தால், திரும்பும் இடத்தின் குறிப்பு ஸ்டாக் என்ற சிறிய மெமரிப் பகுதியில் தங்கிவிடும். அந்த ஸ்டாக் 256 பைட்டுக்குள் அடக்கம். சில முறை இப்படி நடந்ததும் மெமரி தீர்ந்தது என்று பிழை வரும். மெமரி காலியாகக் கிடக்கும்போது இந்தப் பிழை வந்தால், திரும்பாத கோசப்பைத் தேடுங்கள். காலி இடம் எவ்வளவு என்று பார்க்க பிரிண்ட் ஃப்ரீ(0), அந்தக் கட்டளையை ஆங்கிலத்தில் எஃப், ஆர், ஈ என மூன்றே எழுத்தில் தட்ட வேண்டும். கழித்தல் எண் வந்தால் 65536-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கோசப் இல்லாமலே ரிட்டர்ன் வந்துவிட்டது என்று பிழை சொன்னால், மெயின் பகுதியின் கடைசியில் எண்ட் இல்லை. ஓட்டம் தானாகத் துணைப்பகுதிக்குள் வழிந்துவிட்டது.

அடுக்குகளுக்கு டிம் (அளவைச் சொல்லும் கட்டளை) போடாவிட்டால் 0 முதல் 10 வரை இடம் கிடைக்கும். 11-ஐத் தொட்டால் பிழை. டிம் வரியை லூப்புக்குள் வைக்காதீர்கள், இரண்டாம் முறை வரும்போது அதுவே பிழை.

9. நடுவில் நிறுத்திப் பார்ப்பது

சந்தேகம் உள்ள இடத்தில் ஸ்டாப் என்று ஒரு வரி செருகி ஓட்டுங்கள். நின்றதும் பிரிண்ட் ஜி, பிரிண்ட் என் என்று எண்ணில்லாமல் தட்டி மதிப்புகளைப் பார்க்கலாம். பிறகு கான்ட் என்றால் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

இடையில் ஒரு வரியைக்கூடத் திருத்தக் கூடாது. திருத்தி ரிட்டர்ன் அழுத்திய உடனே எல்லா வேரியபிளும் அழிந்துவிடும், கான்ட் மறுக்கும். முதலில் பார்க்க வேண்டியதையெல்லாம் பாருங்கள், நோட்டில் எழுதுங்கள், அப்புறம் திருத்துங்கள். ரன் கொடுத்தாலும் வேரியபிள் அழியும். மதிப்புகள் அப்படியே இருக்க நடுவிலிருந்து ஓட்ட வேண்டுமானால் கோட்டூ 120 என்று நேரடியாகத் தட்டுங்கள்.

10. பீக், போக்

வி2-இல் நிறத்துக்கும் படத்துக்கும் ஒலிக்கும் தனிக் கட்டளை கிடையாது. மெமரியின் குறிப்பிட்ட எண்களில், அதாவது முகவரிகளில், மதிப்பை எழுதித்தான் எல்லாம் நடக்கும். போக் எழுதும், பீக் படிக்கும். இங்கே வரும்போதுதான் இயந்திரமே கைக்குள் வருகிறது. நான் சொல்லிக்கொடுக்கும்போது மிகவும் விரும்பும் பகுதி இது. ஆனால் ஓட்டும் முன் கட்டாயம் சேவ். எண் ஒன்று தவறினால் இயந்திரம் உறைந்துபோகலாம். ரன்-ஸ்டாப், ரீஸ்டோர் இரண்டும் கை கொடுக்காவிட்டால் ரீசெட்தான், புரோகிராம் போய்விடும்.

போக் 53280,0 ஓரத்தைக் கறுப்பாக்கும், போக் 53281,0 நடுப்பகுதியை. நிற எண்கள் 0 முதல் 15 வரை. புதிதாகத் திறந்த இயந்திரத்தில் பிரிண்ட் பீக்(53280) என்று கேட்டால் 14 வராது, 254 வரும். அந்த இடத்தில் நான்கு பிட்டுகளே பயன்படுகின்றன, மீதி நான்கும் எப்போதும் 1 என்றே படிக்கும். பீக்(53280) ஆண்ட் 15 என்று கேட்டால் சரியான 14 கிடைக்கும்.

திரை 1024-இல் தொடங்குகிறது, 40 பத்தி, 25 வரி, மொத்தம் 1000 கட்டங்கள். வரியையும் பத்தியையும் 0-இலிருந்து எண்ணினால் முகவரி 1024+40*வரி+பத்தி. அதே கட்டத்தின் நிறம் 54272 தள்ளி இருக்கிறது, அதாவது 55296-இல் தொடங்கும் பகுதியில். ஒலிச் சில்லின் தொடக்க முகவரியும் 54272 என்பதால் இந்த எண் சீக்கிரம் மனதில் பதிந்துவிடும்.

போக் 1024,65 என்று போட்டு ஏ வரும் என்று எதிர்பார்ப்பார்கள், வராது, ஒரு படக்குறி வரும். பிரிண்ட் செய்யும்போது ஏ-யின் எண் 65, திரை மெமரியில் அதே எழுத்தின் எண் 1. இரண்டு தனி அட்டவணைகள். இரண்டையும் நோட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதி வையுங்கள்.

எழுதும் மதிப்பு 0-க்கும் 255-க்கும் இடையில் இருக்க வேண்டும், மீறினால் பிழை வந்து நிற்கும். முகவரியோ 0 முதல் 65535 வரை எதுவானாலும் ஏற்கப்படும். நகரும் பந்து திரையின் அடிவிளிம்பைத் தாண்டினால் திரைக்கு வெளியே உள்ள மெமரியில் எழுதத் தொடங்கும். 2048-இலிருந்து இருப்பது உங்கள் புரோகிராமேதான், லிஸ்ட் செய்தால் வரிகள் சிதைந்திருக்கும். போக் வரிக்கு முன்பே விளிம்பைச் சோதியுங்கள், பின்னால் அல்ல.

11. வேகம், கடைசியில்தான்

புரோகிராம் சரியாக ஓடும் வரை வேகத்தைத் தொடாதீர்கள். அதன் பிறகு முதலில் பார்க்க வேண்டியது வரிகளின் இடம். கோட்டூ அல்லது கோசப் பின்னோக்கிப் போனால் இயந்திரம் முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு வரும். அதிகம் அழைக்கும் துணைப்பகுதிகளைச் சிறிய எண்களில் வைத்து, 10-ஆம் வரியில் மெயின் பகுதிக்குத் தாவும் கோட்டூ ஒன்று போட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அடுத்து லூப்புக்குள் உள்ள ரெம் குறிப்புகள். அவற்றையும் தாண்டிப் போக நேரம் ஆகிறது. நீக்குவதானால் முதலில் இன்னொரு பெயரில் சேவ் செய்து, அந்தப் பிரதியில் மட்டும் நீக்குங்கள். குறிப்புகள் உள்ள பிரதி டிஸ்கில் அப்படியே இருக்கட்டும், அடுத்த திருத்தத்தை அதில்தான் செய்ய வேண்டும்.